கடல் கடந்த சொத்தும் கண்மூடிய கையெழுத்தும்

சொந்த ஊரில் ஒருவர் விட்டுச் சென்ற நிலத்திற்கு அவர் மக்கள் பாத்தியதை கொண்டாடுவது எளிது. அயல்நாட்டில் அவர் தேடிவைத்த நிலத்தின் கதை வேறு. இலங்கையிலும் பர்மாவிலும் மலாய் நாட்டிலும் தொழில் நடத்தி நம்மவர் சேர்த்த சொத்து கொஞ்சமன்று. சேர்ப்பதில் காட்டிய சாமர்த்தியத்தில் ஒரு பங்கையேனும், அது வாரிசுகளைச் சென்றடையும் மார்க்கத்தைச் சீர்செய்வதிலும் காட்டியிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் கோர்ட்டு வாயிலில் நின்றிரா.

இலங்கையில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பமொன்றின் வழக்கு இதற்குத் தக்க சான்று. மகன் 1934-லும், தந்தையான அருணாசலம் செட்டியார் 1938-லும் காலமாயினர். சர்க்கார் எஸ்டேட் வரி கேட்டது. ஹிந்து அவிபக்த குடும்பச் சொத்துக்கு அந்நாட்டுச் சட்டமே விலக்களித்திருந்தது. ஆயினும், ஆண்மகன் ஒருவரே எஞ்சிய குடும்பம் அவிபக்த குடும்பமாகுமா என்ற விவாதம் எழுந்தது. ஆகும் என்று லண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது 1957-ல்! தந்தை மறைந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த நியாயம் அது.

மரணத்தின்மேல் விழும் அவ்வரியை இந்தியா 1985-லும், மலேசியா 1991-லும், சிங்கப்பூர் 2008-லும் எடுத்துவிட்டன. வரி போயிற்று, கவலையும் போயிற்று என்று கருதுவோர் ஏமாந்துபோவர்.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். நம் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழைக் காட்டி அங்குள்ள நிலத்தைப் பெயர் மாற்ற இயலாது. உயில் இருந்தால் புரொபேட்டும், இல்லாவிடில் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரமும் பெறவேண்டும். இந்தியக் கோர்ட்டில் பெற்றதாயின், மலேசிய ஹைகோர்ட்டு அதன்மீது தன் முத்திரையை மீண்டும் இடவேண்டும். அல்லது அங்கேயே நேராக மனுச் செய்துகொள்ளலாம்.

பங்கும் மாறுபடும். ஸ்தாவர சொத்து எந்நாட்டில் உளதோ அந்நாட்டுச் சட்டமே அதற்குச் செல்லும். உயிலின்றி இறந்தவருக்கு மனைவியும் மூன்று மக்களும் இருந்து, பெற்றோர் இல்லையெனக் கொள்வோம். அவர் சுயமாய்த் தேடிய நிலம் தமிழ்நாட்டில் இருந்தால், 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு நாலில் ஒரு பங்கு. கோலாலம்பூரில் இருந்தால், 1958-ஆம் ஆண்டின் மலேசியப் பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதில் ஆண் பெண் பேதமின்றி மக்கள் சமபங்கு பெறுவர்.

சொத்து கைக்கு வந்தபின் நம் நாட்டுச் சட்டமும் காத்து நிற்கிறது. இந்தியாவில் வசிப்பவர் அயல்நாட்டுச் சொத்தையும், அதன் வாடகையையும் வருமான வரிக் கணக்கில் காட்டியாகவேண்டும். 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி, நிலத்தை மறைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. கேட்டதில்லை, அறிந்ததில்லை என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இவற்றினும் கொடிய தீங்கு நம் வீடுகளிலேயே நடைபெறுகிறது. துக்கம் ஆறுமுன் விதவையிடமும் பெண்மக்களிடமும் பவர் பத்திரத்தையும் விடுதலைப் பத்திரத்தையும் நீட்டி, “ஒரு கையெழுத்துத்தானே!” என்கின்றனர். அந்த ஒரு கையெழுத்தில் ஓர் ஆயுளின் ஆதாரம் அழிந்துபோகலாம். சுதந்தரம் பேசும் ஆண்மக்கள் தம் தாய்க்கும் சகோதரிக்கும் உரிய பங்கு இன்னதென்று முதலில் எடுத்துரைக்கட்டும். பின்னர்ப் பேனாவைக் கொடுக்கட்டும்.

அயல்நாட்டில் சொத்துடையோர் உயிரோடிருக்கையிலேயே உயில் எழுதுக. மூலப் பத்திரங்கள் எங்குள்ளன என்பதை மனைவியும் மக்களும் அறியச் செய்க. பொருள் தேடிவைத்தவனின் கடமை அதனோடுதான் நிறைவுறும்.