ஏட்டுப் படிப்பும் கைப்படிப்பும்: பல் சுகாதாரப் பணியாளருக்கு இணையவழிப் பட்டம்

எல்லை மாவட்டத்தில் தொழிற்கல்வி – 11

இந்தியாவில் பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்த 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பல் மருத்துவர்கள் சட்டம், பல் மருத்துவரோடு வேறு இரு வகைப் பணியாளர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஒருவர், செயற்கைப் பற்களைச் செய்து தரும் டென்டல் மெக்கானிக். மற்றவர், பற்களில் படிந்த காரையை அகற்றி, பற்களை மெருகேற்றி, வாயைப் பேணும் முறையை நோயாளிக்குக் கற்றுத் தரும் டென்டல் ஹைஜீனிஸ்ட், அதாவது பல் சுகாதாரப் பணியாளர். பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்கள் சேரக்கூடிய இரண்டாண்டு டிப்ளமோவை முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டால் இந்தப் பணியைச் செய்யலாம். டிப்ளமோவோடு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரின் பாகலூர் சாலையிலோ, கர்நாடக எல்லை கடந்து அத்திப்பள்ளிக்கு அப்பால் பெங்களூரிலோ வேலைக்குச் சேரும் ஒருவர், சில ஆண்டுகளில் சம்பளமும் பொறுப்பும் ஓரிடத்தில் நின்றுவிடுவதைக் கண்டு, வேலையை விடாமல் இணையவழியில் பட்டம் பெற வழி உண்டா என்று தேடத் தொடங்குவது இயல்பு. அந்தத் தேடலுக்குச் சட்டம் என்ன விடை தருகிறது, அந்த விடை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேவைக்குப் பொருந்துகிறதா என்பவற்றை இந்தப் பகுதி ஆராய்கிறது.

திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள், மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், துணை மருத்துவம் ஆகியவற்றோடு பல் மருத்துவத்தையும் இம்முறைகளில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் வைத்தன. 2025இல் அந்தத் தடை மேலும் விரிந்து, உளவியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்ற நலவாழ்வு சார்ந்த படிப்புகளையும் உள்ளடக்கியது. ஆகவே ‘வீட்டிலிருந்தே டென்டல் ஹைஜீன் பி.எஸ்சி.’ என்று யாரேனும் விளம்பரம் செய்தால், அந்தச் சான்றிதழைக் கொண்டு இந்தியாவில் பதிவு பெறவோ அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவோ முடியாது என்பதை, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

இந்தத் தடைக்கு வலுவான காரணம் இருக்கிறது என்பது, பணியாளர் கையால் செய்யும் வேலையை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் ஈறு நோயைச் சந்தேகிக்க வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட புரோப் என்னும் மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இந்த ஆழத்தை அளக்கிறார்கள். 28 பற்கள் உள்ள வாயில் இது 168 அளவுகளாகிறது. கருவியைச் சற்று அழுத்திவிட்டால் இல்லாத நோய் பதிவாகும். தயங்கித் தயங்கி இறக்கினால் இருக்கும் நோய் தவறிப்போகும்.

ஈறுக்கு அடியில் உள்ள காரையை எடுப்பது இதைவிடக் கடினம். கியூரெட் என்னும் வளைந்த கைக்கருவியை முதலில் பல்லோடு ஒட்டியபடியே ஈறுக்குள் இறக்கி, காரையின் கீழ் விளிம்பைத் தாண்டியதும் அதன் வெட்டும் விளிம்பைப் பல்லின் பரப்புக்கு 45 பாகைக்கு மேலும் 90 பாகைக்குக் குறைவாகவும் இருக்குமாறு திருப்பி, குறுகிய வீச்சில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்போது பணியாளரின் மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாத கை, நோயாளி தலையை அசைத்த நொடியிலேயே ஈறைக் கிழித்துவிடும். பார்வைக்கு எட்டாத அந்த இடத்தில் கருவியின் முனை சொரசொரப்பில் தட்டுப்படுகிறதா, வழுவழுப்பான வேரின் மீது நழுவுகிறதா என்பதை விரல் நுனிதான் சொல்ல வேண்டும். நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரைக் கொண்டு வேலையை விரைவாக முடிக்கலாம். ஆனால் முனையை ஒரே இடத்தில் நிறுத்தினால் பல்லின் பரப்பு சேதமாகும் என்பதால், அங்கும் கையின் பக்குவமே பாதுகாப்பு. இந்தப் பக்குவத்தைத் தவறைத் திருத்த ஆசிரியர் அருகில் நிற்கும் பல் மருத்துவ நாற்காலியில்தான் பெற முடியும். எந்தக் காணொளிப் பாடமும் அதற்கு ஈடாகாது.

ஆனால் பட்டப்படிப்பு முழுவதும் கைவேலை அல்ல என்பதை இத்தொழிலின் வரலாறே காட்டுகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட் என்ற தொழிற்சாலை நகரில் பல் மருத்துவராக இருந்த ஆல்ஃபிரெட் ஃபோன்ஸ், 1906இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பற்களைச் சுத்தம் செய்யும் பயிற்சி அளித்தார். 1913இல் தம் மருத்துவ அறையை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் உலகின் முதல் பல் சுகாதாரப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அதிலிருந்து 27 பெண்கள் தேர்ச்சி பெற்றனர். அவர்களில் பலர் தனியார் மருத்துவ அறைகளை நாடாமல், நகரின் அரசுப் பள்ளிகளுக்குச் சென்று தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பல் பராமரிப்பைக் கற்பித்தனர். ஆலைகளால் வளர்ந்த ஓர் ஊரில், பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்டு, நோய் வருமுன் காக்கும் பணியாகவே இத்தொழில் பிறந்தது என்பது ஓசூரில் வாழ்வோர் கருத வேண்டிய செய்தி.

இன்று அமெரிக்காவில் பெரும்பாலான பல் சுகாதாரப் பணியாளர்கள், கல்லூரியில் நேரில் பயின்று பெறும் அசோசியேட் பட்டம் என்ற இளநிலைக்குக் கீழான பட்டத்தோடு உரிமம் பெறுகின்றனர். இணையவழியில் நடப்பது அதற்குப் பின் வரும் பட்ட நிறைவுப் படிப்பு மட்டுமே. அதாவது, கைப்பயிற்சியை நாற்காலியில் முடித்து உரிமமும் பெற்றுவிட்டவர், எஞ்சிய பாடங்களை வீட்டிலிருந்து படித்து இளநிலைப் பட்டத்தை முழுமையாக்குகிறார். அந்த எஞ்சிய பாடங்கள் சமூக வாய்நலம், ஆய்வு முறை, புள்ளியியல், கற்பிக்கும் முறை, நலத்திட்ட நிர்வாகம் முதலியவை; காரை எடுக்கும் கருவி அவற்றில் எதற்கும் தேவைப்படுவதில்லை. ‘இணையவழிப் பட்டம்’ என்ற சொற்றொடர் இங்கு வந்து சேரும்போது இந்த முன்நிபந்தனை விடுபட்டுப் போவதால்தான் பலர் ஏமாறுகின்றனர்.

அந்தப் பாடங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு எந்த அளவு தேவை என்பதை இங்குள்ள நிலத்தடி நீரே எடுத்துக்காட்டுகிறது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இம்மாவட்டமும் அதன் தாய் மாவட்டமும் கடினப் பாறைகளின் மேல் அமைந்தவை. அப்பாறைகளில் உள்ள ஃப்ளோரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. நிரந்தரப் பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், இதற்கு மேற்பட்ட ஃப்ளோரைடு உடலில் சேர்ந்தால் பற்கள் வெண்திட்டுகளோடு முளைக்கின்றன; கடுமையான நிலையில், முளைத்தபின் பழுப்புக் கறையும் குழிகளும் தோன்றுகின்றன. இதுவே பல் ஃப்ளோரோசிஸ்.

பழுப்புப் பற்களோடு கிளினிக்குக்கு வரும் இளைஞர் ‘கிளீனிங் செய்தால் போய்விடுமா’ என்றுதான் கேட்பார். வெற்றிலை, புகையிலை, தேநீர் ஆகியவற்றால் பல்லின் மேற்பரப்பில் ஏறிய கறை காரையோடு நீங்கும். எனாமலுக்குள்ளேயே ஊறிய ஃப்ளோரோசிஸ் கறை எத்தனை முறை சுரண்டினாலும் நீங்காது, அதற்குப் பல் மருத்துவரின் வேறு சிகிச்சை வேண்டும். இந்த வேறுபாட்டைக் கண்டறிந்து சொல்வது பணியாளரின் முதற்கடமை. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியுமே தவிர ஃப்ளோரைடு அழியாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும் என்பதையும் அவர்தான் தாய்மாருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் ஓசூரில், ஒரே நாளில் இதை மூன்று மொழிகளில் சொல்ல நேரிடலாம். ‘கிளீனிங் செய்தால் பல் ஆடும்’ என்ற பரவலான அச்சத்துக்கும் பொறுமையான விளக்கம் தேவை: எலும்பு ஏற்கெனவே கரைந்து ஆட்டம் கண்டிருந்த பல்லைக் காரைதான் பிடித்து நிறுத்தியிருந்தது, காரை நீங்கியதும் பழைய ஆட்டம் தெரிய வருகிறது, சுத்தம் செய்ததால் அது உண்டாகவில்லை.

ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற நோக்கம் அடங்கியிருக்கிறது. காவிரி நீர் இரு மாவட்டங்களுக்கும் வந்த புதிதில் பிறந்த குழந்தைகளுக்கு, பொதுவாக ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் வரும் நிரந்தர முன்பற்கள் இப்போது முளைத்துவிட்டன. டீன் குறியீடு என்ற அளவீட்டு முறை, ஃப்ளோரோசிஸின் கடுமையை இயல்பு நிலை தொடங்கிக் கடும் நிலை வரை படிப்படியாக வகைப்படுத்துகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் கொண்டு பள்ளி வராந்தாவிலேயே அதன்படி பதிவு செய்ய முடியும். தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி போன்ற ஒன்றியங்களின் பள்ளிகளில் இந்தத் தலைமுறையின் பற்களை ஊர்வாரியாகப் பதிந்து, அந்தந்த ஊரில் சமையலுக்கு இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்குகிறதா என்பதையும் சேர்த்து ஒப்பிட்டால், பெருஞ்செலவில் போடப்பட்ட குழாய்கள் குழந்தைகளின் வாயில் என்ன மாற்றத்தைச் செய்தன என்பது ஓரளவு தெளிவாகும். இதற்கு வேண்டியவை மாதிரி எடுக்கும் முறை, பதிவு ஒழுங்கு, அடிப்படைப் புள்ளியியல் ஆகிய மூன்றும்தான். மேலே சொன்ன பட்ட நிறைவுப் படிப்பு கற்பிப்பவையும் இவையே.

தொழிற்சாலைகளிலும் இதே தேவை நிலவுகிறது. 1980களிலிருந்து டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற நிறுவனங்களும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிப்காட் ஆலைகளும் மூன்று ஷிப்டுகளில் இயங்கும் ஊர் ஓசூர். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டப் புகையிலையை வாயில் ஒதுக்கும் பழக்கம், ஈறு நோய்க்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது. தமிழகமும் கர்நாடகமும் குட்காவைத் தடை செய்த பிறகும், எல்லைச் சாலைகளில் அது பிடிபடும் செய்திகள் நிற்கவில்லை. புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய, வாய்க்குள் மாறாத வெண்திட்டையோ செந்திட்டையோ முதலில் காணக்கூடியவர், நோயாளியோடு நெடுநேரம் செலவிடும் பல் சுகாதாரப் பணியாளரே.

இவ்வளவு தேவை இருந்தும் இத்தொழில் இந்தியாவில் வளராமல் போனதற்கு, 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பி.டி.எஸ். பட்டதாரிகளின் எண்ணிக்கை முக்கியக் காரணம். புதிய பட்டதாரியைக் குறைந்த சம்பளத்தில் அமர்த்திப் பல் சுத்தம் செய்யும் வேலையையும் அவரிடமே ஒப்படைத்துவிட முடிகிறபோது, கிளினிக் நடத்துபவர் தனியாக ஒரு ஹைஜீனிஸ்டை நியமிப்பதில்லை. தனியார் கிளினிக்கை மட்டுமே நம்பிய டிப்ளமோதாரருக்கு மேலே செல்லும் படி இல்லை. அந்தப் படி பள்ளி நலத்திட்டத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆலை மருத்துவ மையத்திலும்தான் அமைய முடியும்.

தற்போதைய விதிகளுக்குள் டிப்ளமோதாரருக்குத் திறந்திருக்கும் வழி, தடைப் பட்டியலில் இல்லாத சமூகவியல், பொது நிர்வாகம், வணிக நிர்வாகம் போன்ற பொதுப் பட்டங்கள்தாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு நிகரானவை என்று மானியக் குழு 2022இல் அறிவித்திருக்கிறது. எல்லையோரத்தில் வாழ்பவர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பைத் தன் மாநில எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம், இணையவழிப் படிப்புக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே மைசூரில் உள்ள கர்நாடகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் என்று யாராவது ஓசூரில் சேர்க்கை நடத்தினால் அது விதிமீறல். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் செல்லும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது.

ஆனால் பொதுப் பட்டம் பெற்றவரின் தொழில் அறிவு ஓர் அங்குலமும் கூடுவதில்லை. குடும்பத்தின் சேமிப்பும் மூன்றாண்டு உழைப்பும் தொழிலுக்குப் புறம்பான பாடங்களில் கரைகின்றன. கையால் கற்க வேண்டியதையும் ஏட்டால் கற்கக்கூடியதையும் ஒரே தடையில் கட்டிப்போட்ட விதியின் குறை இது. முதல்முறை பயிற்சி பெறுபவரை நாற்காலியிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது முற்றிலும் சரி. ஏற்கெனவே பயிற்சி முடித்துப் பதிவு பெற்றவருக்குப் புள்ளியியலையும் சமூக வாய்நலத்தையும் இணையத்தில் கற்பிப்பதால் எந்த நோயாளிக்கும் தீங்கு நேராது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கும் இந்தக் காலமே, பதிவு பெற்ற டிப்ளமோதாரருக்கு மட்டும் உரிய ஒரு பட்ட நிறைவுப் படிப்பை வகுக்க ஏற்ற தருணம். அதன் ஏட்டுப் பாடங்கள் இணையத்தில் நடக்கலாம். களப்பணியை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோடும் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் இணைக்கலாம். கைத்திறனைப் புதுப்பிக்கும் சில வாரப் பயிற்சியைச் சேலத்திலோ சென்னையிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் நேரில் நடத்தலாம். தளி ஒன்றியப் பள்ளிகளில் முன்பற்களைக் கணக்கெடுக்கும் வேலையை அப்படிப்பின் முதல் அணிக்கே ஆய்வுப் பணியாகத் தரலாம்.