உங்கள் கார் எங்கே நின்றது?

மின்காரின் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, கார் எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலிருந்தே செல்பேசிச் செயலியில் பார்க்கலாம். ஏறுவதற்கு முன்பே ஏசியையும் போட்டுவிடலாம். இந்த வசதிக்காகக் காருக்குள்ளேயே ஒரு சிம் பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரியின் நிலை, வெப்பம், ஜி.பி.எஸ். காட்டும் இடம் எல்லாம் அதன் வழியே தயாரிப்பாளரின் சர்வருக்குப் போகின்றன. செயலி அங்கிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது. கார் நம் வாசலில் நிற்க, அதன் நடமாட்டக் கணக்கு இன்னொருவர் கையில் இருக்கிறது.

அந்தக் கணக்கு வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் ஜெர்மனி கண்டது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட், சுமார் 8 லட்சம் மின்கார்களின் தகவல்களை அமேசான் கிளவுடில் வைத்திருந்தது. அந்நிறுவனத்தின் உள் செயலி ஒன்றின் நினைவகப் பதிவை இணையத்தில் எவரும் எடுக்க முடிந்தது. கிளவுடுக்குள் நுழைவதற்கான ரகசியக் குறியீடுகள் அதிலேயே இருந்தன. விவரமறிந்த ஒருவர் சொல்ல, கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் அமைப்பு நிறுவனத்தை எச்சரித்தது. அதன் பிறகே ஓட்டை அடைபட்டது. டெர் ஷ்பீகல் இதழ் செய்தியை வெளியிட்டது.

சுமார் 4.6 லட்சம் கார்களுக்கு, அவை நின்ற இடங்களும் பதிவாகியிருந்தன. ஆடி, ஸ்கோடா கார்களில் அந்த இடத் தகவலின் துல்லியம் 10 கி.மீ.; ஃபோக்ஸ்வாகன், சீட் கார்களில் 10 செ.மீ. முன்னதை வைத்து ஊரை ஊகிக்கலாம். பின்னதை வைத்து எந்த வீட்டு வாசல், எந்த மருத்துவமனை என்றே சொல்லிவிடலாம். பெயரை நீக்கினாலும் பயனில்லை: இரவில் கார் நிற்கும் இடமும் பகலில் நிற்கும் இடமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. அரசியல்வாதிகளும் ஹாம்பர்க் காவல்துறையின் கார்களும்கூடத் தப்பவில்லை.

பேட்டரியையும் சார்ஜ் மென்பொருளையும் மேம்படுத்தவே தகவல் திரட்டியதாக நிறுவனம் விளக்கியது. அதற்கு வெப்பமும் சார்ஜ் அளவும் வேண்டும்; வாசல்வரை துல்லியமான இடம் எதற்கு? தேவைக்கு மேல் தகவல் சேர்க்கக் கூடாது என்பது ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள சட்டம். எத்தனை பூட்டு போட்டாலும் ஒருநாள் யாரோ மறந்து திறந்துவிடுவார்கள். சேர்த்தே வைக்காத தகவலை எவராலும் திருட முடியாது.

கார் வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், விலை பேசுகிறோம். கார் எதைப் பதிகிறது, அதை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், பதிவை எப்படி நிறுத்துவது என்றும் கேட்போம். விற்கும்போது செயலிக் கணக்கின் இணைப்பைத் துண்டித்து, காரில் ஏறிய தொடர்பு எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்போம்.