வீரர்கள் வெறுத்தார்கள், வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள்

தொழில்முறை கோல்ஃப் வீரர்கள் பொதுவாகச் சண்டைக்குப் போகிறவர்கள் இல்லை. தோற்றால் காற்றைக் குறை சொல்வார்கள், அன்றைய தங்கள் கைவாகைக் குறை சொல்வார்கள். ஒரு மைதானத்துக்கு எதிராகக் கூட்டாகக் கையெழுத்துப் போடுவது அபூர்வம். 1987-ல் கலிஃபோர்னியாவின் லா கின்டா என்ற பாலைவன ஊரில் அது நடந்தது. முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த ‘பிஜிஏ வெஸ்ட்’ ஸ்டேடியம் மைதானத்தில் அந்த ஜனவரியில் பாப் ஹோப் கிளாசிக் போட்டி நடத்தப்பட்டது. இனி இந்த மைதானம் வேண்டவே வேண்டாம் என்று வீரர்கள் மனு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது போட்டிப் பட்டியலில் இல்லை. திரும்பி வர 29 ஆண்டுகள் ஆயின.

புதிய மைதானத்தைப் பார்த்ததும் ஆட்டக்காரர்கள் சொல்லும் முதல் அபிப்பிராயத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், நான் இந்த மைதானத்தைத்தான் காட்டுவேன். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் திட்டியதில் பாதி, அந்த மண்ணைப் பற்றியதே இல்லை.

இடத்தை முதலில் பார்த்துவிடலாம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கோச்செல்லா பள்ளத்தாக்கு. பேரீச்சைத் தோப்புகளுக்குப் பேர் போன பகுதி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சில அங்குலங்கள்தான். கோடையில் வெயில் 45 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அங்கேதான் நூற்றுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரும் நிலத்தடி நீரும்தான் இவற்றுக்கு முக்கிய ஆதாரம். வெயில் தாங்கும் பெர்முடா புல் குளிர்காலத்தில் பழுத்துப் பழுப்பாகிவிடும் என்பதால், இலையுதிர் காலத்தில் மைதானத்தைச் சில வாரங்கள் மூடி, அதை ஒட்ட வெட்டி, மேலே ரை புல் விதையைத் தூவுவார்கள். ஜனவரியில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்தக் கண்கூசும் பச்சை, மூன்று மாதம் முன்பு போட்ட விதை.

பாலைவனத்தில் கோல்ஃப் கட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அரிசோனாக்காரர்கள் பாலைவனத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுநடுவே புல்திட்டுகளை மட்டும் வளர்ப்பார்கள். 1980-ல் அங்கே வந்த நிலத்தடி நீர்ச் சட்டமும் அதன் தொடர் விதிகளும் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிய மைதானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 ஏக்கர் புல்தான் என்று கட்டிப்போட்டதும் இதற்கு ஒரு காரணம். புல்லை விட்டுப் பந்து விலகினால் கள்ளிப் புதரில்தான் தேட வேண்டும். கோச்செல்லாவில் வழக்கம் வேறு: தட்டையான மணல் வெளியைத் தோண்டி, மேடு கட்டி, குளம் வெட்டி, எல்லாவற்றையும் பச்சையாக்கிவிடுவது. ஸ்டேடியம் மைதானம் இந்த இரண்டாவது ரகத்தின் உச்சம்.

அதை வடிவமைத்தவர் பீட் டை. காப்பீட்டு முகவராக இருந்து மைதானம் கட்ட வந்தவர். 1963-ல் ஸ்காட்லாந்துக்குப் போய், அங்கே கரைகளைத் தாங்க ரயில் தண்டவாளத்துக் கட்டைகளை அடுக்கியிருப்பதையும், ஆளை விழுங்கும் குட்டி மணற்குழிகளையும் பார்த்துவிட்டு வந்தவர். 1980-ல் ஃபுளோரிடாவின் டிபிசி சாகிராஸில் அவர் கட்டிய 17-வது குழி உலகப் புகழ் பெற்றது. குழி இருக்கும் புல்தரையான கிரீனைத் தண்ணீருக்கு நடுவே தீவாக வைக்கலாம் என்ற யோசனை அவருடைய மனைவி ஆலிஸ் டை சொன்னது. லா கின்டாவில் நிலத்தை வாங்கியிருந்த லேண்ட்மார்க் நிறுவனத்தார் எர்னி வாஸ்லரும் ஜோ வால்சரும், இருப்பதிலேயே கடினமான மைதானம் ஒன்று வேண்டும் என்று கேட்டதாக டை பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டதைக் கட்டிக் கொடுத்தார்.

அதில் இரண்டு குழிகளைச் சொன்னால் போதும். 16-வது குழியின் கிரீனுக்கு இடப்பக்கம் சுமார் 19 அடி ஆழத்தில் ஒரு மணற்குழி, அதாவது பங்கர். அந்த வட்டாரத்தில் ஓடும் நிலநடுக்கப் பிளவின் பெயரையே வைத்து, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ என்கிறார்கள். அடியில் நிற்பவருக்குக் கொடிக்கம்பம் தெரியாது. மேலே நிற்பவரின் தலை தெரிந்தால் அதிர்ஷ்டம். அடுத்த 17-வது, ‘அல்கட்ராஸ்’. சாகிராஸ் தீவின் தம்பிதான், ஆனால் விளிம்பில் மரக்கட்டைகளுக்குப் பதில் பாறைகள். ஓரத்தில் விழும் பந்து தண்ணீரில் முங்குமா, பாறையில் தெறித்து எங்கேயோ பறக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

1987 போட்டியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்து அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்த டிப் ஓ’நீல், அமெச்சூர் ஆட்டக்காரராகக் கலந்துகொண்டார். 16-வதின் பங்கரில் மாட்டிக்கொண்டார். பெரிய உடம்பு, வெள்ளைத் தலை, தொலைக்காட்சி கேமரா. அடித்தார், பந்து பாதிச் சரிவு ஏறி உருண்டு காலடிக்கே வந்தது. மறுபடி அடித்தார்; மறுபடி வந்தது. கடைசியில் பந்தைக் கையால் எடுத்து மேலே வீசிவிட்டார். அமெரிக்கா முழுக்கச் சிரித்தது. மைதானத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

வீரர்களின் கோபத்துக்கு ஒரு காரணமும் இதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து பாப் ஹோப் போட்டி ஐந்து நாள், 90 குழிகள், நான்கு மைதானங்கள். முதல் நான்கு நாளும் ஒவ்வொரு தொழில்முறை வீரருடனும் மூன்று அமெச்சூர்கள் ஆடுவார்கள்: நடிகர்கள், முதலாளிகள், அரசியல்வாதிகள். மற்ற மைதானங்களில் பொழுது இனிமையாகப் போகும். இங்கே மூன்று பேரும் மாறி மாறிப் பங்கரிலும் குளத்திலும் போட்டால், நாலாமவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தன் அடிக்கு முறை வரும்போது உடம்பு ஆறிப்போயிருக்கும். உல்லாசப் பயணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு மலையேறச் சொன்ன மாதிரி.

மைதானத்தின் வயதும் ஒரு காரணம். புதிதாகப் போட்ட கிரீன் கெட்டியாக இருக்கும். புல் வேரும் மட்கும் சேர்ந்து மெத்தை கட்டச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை வந்து விழும் பந்து நிற்காமல் ஓடும். தண்ணீரும் பாறையும் சூழ்ந்த கிரீனில் இது எரிச்சலூட்டத்தான் செய்யும். போதாததற்கு, அன்று மரத்தலை டிரைவர் மட்டையோடும் சீக்கிரம் சுழன்றுபோகும் மென்மையான பலாட்டா பந்தோடும் ஆடியவர்கள் நிறைய இருந்தார்கள்.

வடிவமைப்பைப் பற்றிய புகார் என்று பிரித்தெடுத்தால் மிஞ்சுவது, எல்லாம் செயற்கை, பார்த்தாலே பயமுறுத்துகிறது என்பதுதான். செயற்கை என்பது உண்மை. பாலைவனத்தில் குளம் வெட்டினால் வேறென்ன? பயமுறுத்துவது டையின் தொழில். குழியை நோக்கிப் போகும் புல்பாதையான ஃபேர்வேயை அவர் நேராகப் போடமாட்டார். தண்ணீருக்குச் சாய்வாக வைப்பார். அடிக்க நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மேடுகள் மறைத்து, இறங்க இடமே இல்லாத மாதிரித் தெரியும். போய் நின்று பார்த்தால் தாராளமாக இடம் இருக்கும். 18-வதில் இடப்பக்கம் நெடுகத் தண்ணீர். அதை ஒட்டித் துணிந்து அடித்தவருக்கு அடுத்த அடி எளிது. பயந்து வலப்பக்கம் ஒதுங்கியவருக்கு அது நீளம், கோணமும் மோசம். கண்ணை ஏமாற்றும் இந்த வித்தை முதல் தடவை ஆடுகிறவரிடம் நன்றாகவே பலிக்கும். அதனால்தான் இந்த மாதிரி மைதானத்தின் முதல் ஆண்டு விமர்சனத்தில் பயம் அதிகம், கணக்குக் குறைவு.

நிறுவனத்தாருக்கு மனுவால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர்கள் விற்றுக்கொண்டிருந்தது மைதானத்தைச் சுற்றியுள்ள வீட்டு மனைகளையும்தான். தொழில்முறை வீரர்களே அலறிய இடத்தில் நாமும் ஒரு தடவை ஆடிப் பார்க்கலாம் என்று காசு கொடுத்து ஆட வந்தார்கள் ஜனங்கள். அதே 1987 நவம்பரில் நிக்லஸ், பாமர், ஃபஸி ஸோலர், லீ ட்ரெவினோ ஆகிய நால்வர் ஆடிய, ஒவ்வொரு குழிக்கும் தனிப் பரிசு வைக்கும் ஸ்கின்ஸ் கேம் காட்சிப் போட்டி இங்கேதான் நடந்தது. ட்ரெவினோ 167 கெஜத்திலிருந்து 6-ம் எண் இரும்பால் அடித்த பந்து அல்கட்ராஸ் குழிக்குள் ஒரே அடியில் இறங்கியது. அந்த ஓர் அடிக்குப் பரிசு 1,75,000 டாலர். தீவு கிரீனைப் பார்க்க வந்தவர்களின் கூட்டம் அதன் பிறகு குறையவே இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். நட்சத்திரங்களுக்கு ஆகாது என்று ஒதுக்கிய அதே மைதானத்தை, பிஜிஏ டூருக்குள் நுழையத் துடிக்கும் இளைஞர்களின் தகுதித் தேர்வுக்கு மட்டும் பல முறை பயன்படுத்தினார்கள். 2012 இறுதிச் சுற்று வரைக்கும். மனுப் போடும் நிலையில் அந்தப் பையன்கள் இல்லை.

2016-ல் போட்டி ஸ்டேடியத்துக்குத் திரும்பியது. கடைசி நாளில் 17-வது குழியின் பாறை இடுக்கில் சிக்கிய பந்தை ஜேசன் டஃப்னர் குழியோரத்துக்கே எடுத்துவிட்டு, பிறகு பிளேஆஃபில் ஜெயித்தார். 2021-ல் பேட்ரிக் கேன்ட்லே கடைசிச் சுற்றில் 61 அடித்தார், சுற்றுக்கு வகுத்த அடிக்கணக்கான பாருக்கு 11 குறைவு. அப்படியும் ஓர் அடியில் சி வூ கிம்மிடம் தோற்றார். 2024-ல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் நிக் டன்லப், 20 வயது, நான்கு நாளில் பாருக்கு 29 குறைவாக ஆடி வென்றார். அமெச்சூர் ஒருவர் பிஜிஏ டூர் போட்டியில் ஜெயித்தது 1991-ல் ஃபில் மிக்கல்சனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அமெச்சூருக்குப் பரிசுப் பணம் கிடையாது என்பதால் 15 லட்சம் டாலர் இரண்டாவதாக வந்த பெஸாய்டன்ஹவுட்டுக்குப் போனது.

இத்தனைக்கும் பங்கர் மேலேறி வரவில்லை, குளமும் வற்றவில்லை. இப்போது பந்து தூரம் போகிறது, கிரீன் மென்மையாகப் பந்தைப் பிடிக்கிறது, ஜனவரிக் காலைகளில் காற்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. இன்றும் அமெச்சூர்கள் கூட ஆடுவதால் கொடிகளையும் கடுமையான மூலைகளில் வைப்பதில்லை. டை 2020 ஜனவரியில் காலமானார். இரண்டு ஆண்டு கழித்து, இதே போட்டியின் நடுவே ஜான் ராம், இது வெறும் பட்டிங், அதாவது கிரீனில் பந்தை உருட்டும் போட்டி என்று கெட்ட வார்த்தையோடு முணுமுணுத்தது ரசிகர் ஒருவரின் வீடியோவில் பதிவாகிவிட்டது. அடுத்த ஆண்டு அவரே வந்து, பாருக்கு 27 குறைவாக ஆடி, கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.