துவைக்க ஓர் இடம்

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட நண்பர், அணுவைப் பற்றியோ விண்மீன்களைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப் போவதோ துணி துவைக்கும் அறையைப் பற்றி. நகைப்பவர் நகைக்கட்டும். இன்று விடுதியில் வாளியோடு போராடும் நாம் நாளை அடுக்கு வீடுகளில்தான் குடியேறப் போகிறோம். நம்மில் பலருடைய பெற்றோர் இப்போதே இந்தத் தில்லியில் அப்படித்தான் வாழ்கின்றனர்.

தஞ்சைப் பக்கத்தில் என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. கிணற்றை ஒட்டித் துவைகல். கல்லிலிருந்து வழியும் நீர் சிறு வாய்க்காலாக ஓடி வாழைக்குப் போகும். அப்பால் நல்ல வெயிலில் கொடி கட்டியிருக்கும். நீர் வருமிடம், துவைக்குமிடம், நீர் போகுமிடம், உலர்த்துமிடம் ஆகிய நான்கும் வரிசையாக அமைந்த அந்த இடத்துக்கு யாரும் வரைபடம் போட்டதில்லை. அடுக்கு வீட்டைக் கட்டியவர்கள் வரைபடம் போட்டார்கள். இந்த நான்கையும் மறந்துவிட்டார்கள்!

எங்கள் வீடு நான்கு அடுக்குக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. தாயார் குளியலறையில் குனிந்து துவைத்தே இடுப்பு நோவை வாங்கிக் கொண்டார். இனிக் குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடுக்களையை ஒட்டி 8 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு பால்கனி இருக்கிறது. அதையே சலவை அறையாக மாற்றுவது என்று சென்ற ஆண்டு தந்தையார் முடிவு செய்தார். “இயற்பியல் படிக்கிறாயே, கணக்குப் போட்டுச் சொல்” என்று என்னிடம் காகிதத்தை நீட்டினார்.

எல்லாரும் முதலில் கேட்பது, பால்கனி சலவைப் பொறியைத் தாங்குமா என்பது. முன்பக்கம் கதவுள்ள பொறி ஏறத்தாழ 70 கிலோ இருக்கும். நீரும் துணியும் சேர்த்தால் 90 கிலோ. இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது மேஸ்திரிக்கு. நீர் வடிவதற்குச் சரிவு வேண்டுமே என்று, பழைய தரையின்மேல் 4 அங்குலம் மணலும் சிமெண்டும் கொட்டி உயர்த்திவிடலாம் என்றார் அவர். பால்கனியின் பரப்பு 3.7 சதுர மீட்டர். உயர்த்துவது 10 செ.மீ. ஆகவே கலவையின் கன அளவு 0.37 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கலவை ஏறத்தாழ 2 டன் என்றால், அவர் ஏற்றப் போவது 740 கிலோ. அதாவது பத்துப் பொறிகளின் எடை, என்றும் இறங்காத எடை! சுவரிலிருந்து வெளியே நீட்டிய பலகை போன்றது பால்கனி. அதன் நுனியில் வைக்கும் எடை அடியில் வைக்கும் எடையைவிடப் பன்மடங்கு முறுக்கும். எனவே பழைய தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அது இருந்த ஆழத்திலேயே புதுத் தரை போடுவதென்றும், பொறியும் கல்லும் வீட்டுச் சுவரை ஒட்டியே நிற்பதென்றும் தீர்மானித்தோம். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. பெயர்ப்பது வேலை மிகுந்தது.

சரிவு 80-க்கு 1 போதும். 2.4 மீட்டர் நீளத்துக்கு 3 செ.மீ. தாழ்ந்தால் சரி. அதற்கு மேல் போனால் நனைந்த காலுக்கு ஆகாது. பொறி நிற்கும் 60 செ.மீ. இடத்தில் இச்சரிவு 7 அல்லது 8 மி.மீ.தான், பொறியின் திருகு கால்களை ஏற்றி இறக்கி அதைச் சரிக்கட்டிவிடலாம்.

நீர் எங்கே போகிறது என்பதை மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. பால்கனியின் மூலையில் உள்ள ஓட்டை மழை நீருக்காக வைத்தது. அந்தக் குழாய் மழைநீர் வடிகாலுக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் சுத்திகரிப்பு ஏதுமின்றி யமுனையைச் சேரும். காளிந்தி குஞ்சுப் பக்கம் குளிர் தொடங்கும் வேளையில் ஆற்றின்மேல் வெண்பனிபோல் நுரை மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைக்குச் சலவைத் தூளில் உள்ள பொருள்களும் ஒரு காரணம். நம் வீட்டுச் சோப்பு நீரையும் அதே வழியில் திறந்துவிட்டு, ஆறு கெட்டதே என்று மன்றத்தில் சொற்பொழிவாற்றுவது அழகன்று. அடுக்களைத் தொட்டியின் கழிவுக் குழாய் சுவருக்கு மறுபுறமே ஓடுகிறது. பொறியின் குழாயை அதில் இணைத்தோம். இடையே வளைகுழாய் ஒன்று வேண்டும். அதில் எப்போதும் 5 செ.மீ. நீர் நின்று சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். பொறியின் கழிவுக் குழாய் தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் குறையாத உயரத்தில் வளைந்து இறங்க வேண்டும். தாழ்வாகக் கிடந்தால், பொறிக்குள் நிரம்பும் நீர் நிரம்ப நிரம்பத் தானே வடிந்து போகும். பொறி கெட்டுவிட்டது என்று பழுது பார்ப்பவருக்குப் பணம் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

நீர் வருவதிலும் ஒரு செய்தி உண்டு. 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். எங்கள் குழாய்க்கும் மாடித் தொட்டிக்கும் இடையே 5 மீட்டர் இருப்பதால் அரைப்பங்கு கிடைக்கிறது. பொறிக்கு அது போதும். தொட்டிக்கு நேர் கீழே மேல் மாடியில் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை. தொட்டி மிக அருகில் இருக்கிறதே என்று அவர்கள் மகிழ்வார்கள். அருகில் இருப்பதே அங்கே குறை.

பொறி பிழியும்போது நிமிடத்துக்கு 1200 முறை சுழல்கிறது. உருளையின் ஆரம் 25 செ.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், விளிம்பிலுள்ள துணி புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு விசைக்கு ஆளாகிறது. ஒரு பக்கமாக 200 கிராம் துணி கூடுதலாக ஒதுங்கினால் அது 80 கிலோ எடையைப்போல் உதைக்கும். பொறிக்குள் கனத்த கான்கிரீட்டுக் கட்டி வைத்திருப்பது இந்த உதையை அடக்கத்தான். அதை மர முக்காலியின்மேல் ஏற்றி வைப்பது ஆபத்து. கெட்டித் தரையில் நான்கு காலும் ஊன்ற வேண்டும். மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நீரைச் சூடாக்கும் பொறி 2 கிலோவாட் வரை இழுக்கும், அதாவது 9 ஆம்பியர். சிறிய 6 ஆம்பியர் துளை உதவாது. 16 ஆம்பியர் துளையும், உண்மையாகவே மண்ணோடு இணைந்த கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுத்துவிடும் காப்பு விசையும் வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் நம் தாயார் என்பதை மறவாதீர்கள்.

பொறி வந்தால் கல் எதற்கு என்று தந்தையார் கேட்டார். “வேட்டிக் கரையும் சட்டைக் கழுத்தும் உங்கள் பொறிக்குத் தெரியுமா?” என்று தாயார் திருப்பிக் கேட்டார். அவர் சொன்னதே நியாயம். ஆனால் குனியக் கூடாதே! 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் ஒரு கருங்கற் பலகையை இரும்புக் கால்களின்மேல் இடுப்புயரத்தில், சற்றே சாய்த்துப் பொருத்தினோம். எடை ஏறத்தாழ 30 கிலோ. நின்றுகொண்டே துவைக்கலாம். ஒரு வாரம் அவருக்குக் கை பழகவில்லை, பிறகு பழகிவிட்டது.

பெரிய வாதம் உலர்த்துவதில்தான் எழுந்தது. அண்டை வீடுகளைப்போல் பால்கனியைச் சுற்றிலும் கண்ணாடி போட்டு மூடிவிட்டால் தூசி வராது என்றார் தந்தையார். 6 கிலோ துணி, பிழிந்த பிறகும் 3 கிலோ நீரை வைத்திருக்கும். அந்த நீர் முழுதும் காற்றில்தான் கலக்க வேண்டும். மூடிய பால்கனிக்குள் இருப்பது 11 கன மீட்டர் காற்று. தில்லியின் குளிர்காலத்தில், 15 பாகை வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று 13 கிராமுக்குமேல் நீராவியை ஏற்காது. ஆக அறைக் காற்று முழுதும் ஏற்கக் கூடியது 143 கிராம்! முற்றிலும் உலர்ந்த காற்றே வந்தாலும் 21 முறை மாற வேண்டும்; பனிமூட்டக் காற்றென்றால் இன்னும் எத்தனையோ முறை. மாறாவிட்டால் நீர் சுவரில் படியும், பூஞ்சை பூக்கும். ஆகையால் இடுப்புயரத்துக்கு மேல் கம்பி வலையோடு நிறுத்திக் கொண்டோம். பால்கனி தெற்கு நோக்கியது எங்கள் நற்பேறு. டிசம்பர் நண்பகலில் தில்லி வானில் ஞாயிறு 38 பாகை உயரமே எழுகிறது. வெயில் சாய்ந்து உள்ளே சுவர் வரை வருகிறது. உருளையும் கயிறும் கொண்டு ஏற்றி இறக்கும் கொடியை அந்த வெயிலின் வழியிலேயே கட்டினோம்.

ஓடு பதிப்பதற்குமுன் ஒரு சோதனை இருக்கிறது. நீர் புகாப் பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓரடி ஏற்றிப் பூசி, காய்ந்தபின் ஓட்டைகளை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு நீர் நிறுத்தி, இரண்டு நாள் விட வேண்டும். மேஸ்திரி ஒரு நாள் போதும் என்றார். நாங்கள் இரண்டு நாளும் விட்டோம். இரண்டாம் நாள் மாலை கீழ்வீட்டுப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவர் பால்கனியில் நாற்காலி போட்டு ஏறிக் கூரையைக் கையால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. தாமும் ஒருமுறை தடவிப் பார்த்தபிறகே அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார்.