கந்தகம் யார் தலையில்?

களிம்பேறிய செம்புக் குடத்துக்கு என்ன மருந்து என்று நாஞ்சில் நாட்டில் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லுவாள்: புளி! கொஞ்சம் புளி, ஒரு கை உப்பு, நாலு தேய்ப்பு. பச்சைக் களிம்பு கரைந்தோடும், குடம் பளபளக்கும். புளியின் புளிப்பு களிம்பைத் தின்றுவிடுகிறது. உலகத்துச் செம்புச் சுரங்கங்களின் பாதி ரகசியம் இந்த அடுக்களைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. மற்றப் பாதியில்தான் புகையும், கோர்ட்டும், துப்பாக்கிக் குண்டும் இருக்கின்றன. தோழர்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பூமிக்குள் செம்பு தனியாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் கட்டுண்டு கிடக்கும். பித்தளை போல மினுங்கும் சால்கோபைரைட் என்ற கல்லில் 100க்கு 35 பங்கு செம்பு, ஏறக்குறைய அதே அளவு கந்தகம், மீதி இரும்பு. செம்பைக் கேட்டு வாங்குகிறவன் கேட்காமலே கந்தகத்தையும் சேர்த்து வாங்குகிறான். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மலையின் மேற்பரப்பில் மழையும் காற்றும் விடாமல் வேலை செய்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு கந்தகக் கல்லைத் தாக்க, கந்தகம் திராவகமாகி ஒழுகுகிறது. இரும்பையும் கந்தகத்தையும் தின்று வாழும் ஒரு நுண்ணுயிரும் இதற்குக் கூலியில்லாமல் உழைக்கிறது என்று 1947இல் கண்டார்கள். இப்படி யுகயுகமாகத் துருவேறியதால் மேலே இருப்பது பச்சை மாலகைட், நீல அசுரைட் போன்ற களிம்புக் கல். ஆழத்தில் காற்றுப் படாமல் இருப்பது கந்தகக் கல். நடுவிலே இரண்டும் பின்னிப் பிணைந்த கலப்புக் கல்.

களிம்புக் கல்லைப் பிரிப்பது எளிது. புளிக்குப் பதில் கந்தகத் திராவகத்தை ஊற்றினால் செம்பு கரைந்து நீலத் தண்ணீராக வந்துவிடும். ரப்பர்த் தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கிறோமே துருசு, அதே நீலம்தான். அந்தத் தண்ணீரில் பழைய இரும்புத் துண்டைப் போட்டால் இரும்பு கரையும், செம்பு படியும். கந்தகக் கல்லோ திராவகத்துக்கு லேசில் அசையாது. அதைப் பொடியாக்கி, தண்ணீரில் மருந்து கலந்து, காற்றை ஊதி நுரை எழுப்புவார்கள். கந்தகக் கல் பொடி நுரையில் ஒட்டிக்கொண்டு மிதக்கும், வெறும் கல் அடியில் தங்கும். அந்த நுரையை வழித்து உலைக்கு அனுப்புவார்கள்.

கலப்புக் கல்லை என்ன செய்வது? நுரையில் போட்டால் களிம்புப் பங்கு மிதக்காமல் சக்கையோடு போய்விடும். திராவகத்தில் போட்டால் கந்தகப் பங்கு கரையாமல் சக்கையோடு போய்விடும். எப்படிப் போனாலும் செம்பு நஷ்டம்! விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. சோடியம் சல்பைடு என்ற உப்பைக் கலந்து, களிம்புப் பொடியின் மேல் மெல்லிய கந்தகத் தோல் போர்த்திவிட்டால் நுரை ஏமாந்து அதையும் தூக்கிக்கொள்ளும். மருந்து கூடிப்போனாலோ, மிதந்துகொண்டிருந்த கந்தகக் கல்லும் மூழ்கிவிடும். இன்னொரு வழி, முதலில் திராவகத்தில் கரைத்து, இரும்புத்தூளால் செம்பைப் படியவைத்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மிதக்கவிடுவது. வழி உண்டு, செலவும் கவனமும் வேண்டும். லாப வேட்டைக்காரனுக்கு இரண்டும் ஆகாது. அவன் சக்கையைக் கொட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போவான்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டு நிச்சாங்காவில் அப்படிக் குவிந்த பழைய சக்கையை மறுபடி திராவகத்தில் கரைத்துச் செம்பெடுக்க 1974இல் ஓர் ஆலை எழுந்தது. 2004இல் அந்தச் சுரங்கங்களைக் கைப்பற்றியது வேதாந்தா கம்பெனி. 2006 நவம்பரில் அங்கிருந்து திராவகக் கழிவு ஓடையிலும் காஃபூ ஆற்றிலும் கலந்து, சிங்கோலா நகரத்துக்குக் குடிதண்ணீரை நிறுத்த வேண்டியதாயிற்று. சுரங்கத்தின் கழிவால் நிலமும் நீரும் கெட்டன என்று வழக்குத் தொடுத்த 1826 கிராமவாசிகள் இங்கிலாந்திலேயே வழக்காடலாம் என்று 10.4.2019 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, கம்பெனி சமரசம் செய்துகொண்டது. பெயரைக் கேட்டதும் தோழர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். ஆம், நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் எஜமானர்களேதான்!

தூத்துக்குடியில் செம்புச் சுரங்கம் கிடையாது. கடல் கடந்து கப்பலில் வந்த கந்தகக் கல் பொடியே உலையில் கொட்டப்பட்டது. அங்கே பிராணவாயு கந்தகத்தைப் பற்றி எரிக்க, செம்பு உருகி வழியும், கந்தகம் வாயுவாக எழும். ஒரு டன் கந்தகம் எரிந்தால் இரண்டு டன் வாயு. அதை வனேடியக் கூட்டின் மேல் செலுத்தித் திராவகமாக்கினால் மூன்று டன். ஆக, ஒரு டன் செம்புக்கு ஏறக்குறைய மூன்று டன் திராவகம் பிறந்தாக வேண்டும். பிறக்காத பங்கு எங்கே போகும்? ஊரார் மூக்குக்குத்தான் போகும்! ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு என்னும்போது, அதில் சிறு பங்கு தப்பினாலும் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது புதிய கதையுமல்ல. ஸ்பெயின் தேசத்தில் ரியோ டின்டோ என்ற இடத்தில் 1873இல் வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் வாங்கியது. கந்தகக் கல்லைத் திறந்தவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். பயிர் கருகியது. புகை மண்டி வேலை நின்ற நாளுக்குத் தொழிலாளியின் கூலியில் வெட்டு! புகை போடுகிறவன் முதலாளி, கூலி இழக்கிறவன் தொழிலாளி. 4.2.1888 அன்று விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும் கைகோத்து ஊர்வலம் வந்தார்கள். பட்டாளம் சுட்டது. சர்க்கார் கணக்கில் செத்தவர் 13 பேர். நூற்றுக்கும் மேல் என்பது ஊரார் கணக்கு. அதே மாதம் 29ஆம் நாள் திறந்தவெளி எரிப்புக்குத் தடை வந்தது. கம்பெனியின் கை நீண்டது, இரண்டே ஆண்டில் தடை ரத்தாயிற்று.

நூற்றிமுப்பது ஆண்டு கழித்து, 22.5.2018. தூத்துக்குடிப் போராட்டத்தின் 100ஆம் நாள். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. அன்றும் மறுநாளும் பலியானவர் 13 பேர். தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் பின்னாளில் எழுதியது. 28.5.2018 அன்று ஆலையைச் சர்க்கார் மூடியது. 18.8.2020 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கம்பெனியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளிய நாள் 29.2.2024. ஸ்பெயினில் தடை வந்ததும் பிப்ரவரி 29! காலண்டர் செய்யும் வேடிக்கை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2021இல் கொரோனா வாட்டியபோது, கந்தகம் எரிக்க வைத்திருந்த அதே பிராணவாயுக் கருவியை நோயாளிகளுக்காக இயக்க கோர்ட் அனுமதித்தது. காற்றில்லாமல் தவிப்பது என்றால் என்ன என்று நாடு முழுவதும் அப்போதுதான் அறிந்தது.

ஆலை மூடியதால் வேலையிழந்த தோழனைப் பார்த்து நாம் கை கொட்டவில்லை. அவன் வயிறும் வயிறுதான். செம்பு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. செம்பில்லாமல் மின்சாரக் கம்பி ஏது? மூடியபின் சுத்தச் செம்பை ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்யலாயிற்று என்பதும் உண்மை. ஆனால் இதே ஆலையை முதலில் மராட்டியத்து ரத்னகிரியில் வைக்கப்போனபோது மாம்பழ விவசாயிகள் விரட்டினார்கள். 1993இல் அங்கே நின்றது, 1994இல் தூத்துக்குடியில் அஸ்திவாரம் போட்டது. மாமரத்துக்கு ஆகாத புகை மனிதனுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டவன் யார்?

நமக்கென்ன, நம் மணவாளக்குறிச்சி மணலில் கந்தகம் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். மெய்தான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்த் தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட்டைக் கண்டு இங்கே தேடிவந்தார். 1965இல் மணல் ஆலை பொதுத்துறையின் கைக்கு வந்தது. அந்தக் கறுப்பு இல்மனைட் ஏற்கெனவே பிராணவாயுவோடு கூடியது. வறுக்க வேண்டியதில்லை, நாற்றமில்லை. ஆனால் அதிலிருந்து வெள்ளைச் சாயப் பொடி எடுக்கும் பழைய முறைக்கு என்ன வேண்டும்? கந்தகத் திராவகம்! ஒரு டன் பொடிக்கு மூன்று டன்னுக்கும் மேல். கழிவாக நிற்பது அன்னபேதியும் செலவழிந்த திராவகமும். சவறா மணலைவிட நம் மணல் குறைவாகத் துருவேறியது, ஆகவே திராவகத்தில் நன்றாகக் கரையும் என்பதால் இந்த முறைக்கு இதற்குத் தனி மதிப்பு. அங்கே கல்லிலிருந்து கிளம்பிய கந்தகம் இங்கே மணலைத் தேடி வருகிறது. மோனசைட்டில் இருக்கும் தோரியத்தின் கதிர்வீச்சு தனிக் கதை.

கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் மணல் எடுக்க 1.10.2024 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி நாள் குறிப்பார்களானால், மணல் எவ்வளவு என்பதோடு நில்லாமல், அது எந்த ஆலைக்குப் போகிறது, அங்கே திராவகம் எவ்வளவு, கழிவு எந்தக் கடலில், அளந்து எழுதுகிறவன் யார், அந்த ஏடு தொழிலாளியின் கண்ணுக்குக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியில் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. கிளைத் தோழர்கள் கூட்டத்துக்கு முன்பே அந்தத் தமிழ்ப் பிரதியை வாங்கி, இனயத்திலும் மிடாலத்திலும் வலை பின்னும் இடங்களில் உட்கார்ந்து, வரி விடாமல் வாசித்துக் காட்டட்டும்.