அரிய நோயும் கணக்கெடுப்பும்

10,000 பேரில் ஐவருக்கு மிகாமல் காணப்படும் நோயையே அரிய நோய் என ஐரோப்பிய ஒன்றியம் வகுத்திருக்கிறது. இவ்வகை நோய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் நோயாளர் சிலரே. ஆதலால் பல வைத்தியர்கள் அந்நோயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அரசாங்க ஏடுகளிலும் அதற்கென ஒரு பத்தி இராது. ஏட்டில் ஏறாத துன்பத்துக்குப் பணம் ஒதுக்கப்படுவது எங்ஙனம்?

ஐரோப்பாவில் நோயாளர்களே இதற்கு வழி கண்டார்கள். 1997-இல் தோன்றிய 'யூரோர்டிஸ்' என்னும் நோயாளர் சங்கங்களின் கூட்டமைப்பு, வினாத்தாள்களைப் பல மொழிகளில் ஆக்கி, சங்கங்கள் வாயிலாக வீடுதோறும் அனுப்பிற்று. முதல் அறிகுறி எப்போது? நோயின் பெயர் தெரிந்தது எப்போது? இடையில் என்னென்ன நேர்ந்தது? இத்தகைய எளிய வினாக்களே. சுமார் 12,000 பேரின் விடைகள் 2009-இல் நூலாக வெளிவந்தன. நால்வரில் ஒருவர், முதல் அறிகுறி கண்டபின் 5 முதல் 30 ஆண்டுகள்வரை நோயின் பெயர் அறியாமலே அலைந்திருக்கிறார். நூற்றுக்கு 40 பேருக்கு முதலில் கூறப்பட்டது தவறான நோய். அதை நம்பி அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டவரும் உண்டு. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒன்றியத்தின் மன்றம், 2013 முடிவதற்குள் ஒவ்வொரு நாடும் அரிய நோய்களுக்கெனத் திட்டம் வகுக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. இதனைக் கணக்கெடுப்பு ஒன்றே சாதித்தது என்று நான் கூற வரவில்லை. ஆயினும் 'எங்களுக்குத் துன்பம்' என்னும் முறையீட்டைக் கேட்டு அனுதாபப்பட்டு அனுப்பிவிடலாம். 'நாற்பது சதவீதம்' என்பதற்குக் கோப்பில் பதில் எழுதியாக வேண்டும். இருப்புப்பாதை அலுவலகத்தில் பணிபுரிபவனுக்கு இது நன்கு தெரியும்.

பிற்காலத்தில் 41 நாடுகளில் 6,507 பேரிடம் நடந்த மற்றொரு கணக்கெடுப்பு, நோயறியச் சராசரி 4.7 ஆண்டுகள் ஆகின்றன எனக் காட்டிற்று. ஆடவருக்கு 3.7, பெண்டிருக்கோ 5.4. பெண்கள் சொல்லும் வலியை வீட்டாரும் வைத்தியரும் எளிதில் நம்புவதில்லை என்பதுதான் இதற்குள் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இம்முறையில் குறையும் உண்டு. சங்கத்தில் சேர்ந்தவரும் எழுதப் படிக்கத் தெரிந்தவருமே பெரும்பாலும் விடையளிப்பர்; பெயர் தெரியாத நோயுடன் மூலையில் கிடக்கும் ஏழை அதில் அகப்படுவதில்லை.

நம் நாட்டின் நிலை யாது? 2021-இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வந்தால் அரிய நோய் என்று அதில் எண் வரையறை இல்லை. போதிய புள்ளிவிவரம் இல்லாமையே காரணமெனக் கொள்கை ஏடே ஒப்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இலேயே பதிவேடு ஒன்றைத் தொடங்கியும் நிலை இதுதான். சிகிச்சைக்கான உதவித்தொகை 2022-இல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. அதனைப் பெற, குறிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்தில் பதிவு வேண்டும். முதலில் குறிக்கப்பட்ட எட்டு மையங்களும் டில்லி, லக்னோ, சண்டிகர், பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களில் அமைந்தன. தமிழ்நாட்டில் அன்று ஒன்றும் இல்லை. நம்மவர் குடியேறிய ஊர்களிலேயே அவை இருந்தன!

மாற்றல் உத்தரவுக்கேற்ப ஊர் ஊராகச் செல்லும் நம் குடும்பங்களில் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் மூட்டை கட்டும்போதே தொலைகின்றன. புதிய ஊரில் புதிய வைத்தியர் முதலிலிருந்து தொடங்குகிறார். வீட்டில் பெயர் தெரியாத நோயுடன் ஒரு குழந்தை இருப்பின், ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் அறிகுறி கண்ட நாள், பார்த்த வைத்தியர், அவர் கூறிய நோய், கொடுத்த மருந்து, செலவு ஆகியவற்றைத் தேதியிட்டுத் தமிழிலேயே எழுதிவரலாம். நாளை எவரேனும் வினாத்தாளுடன் வருவாராயின், அவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.