காசநோய் மருந்தும் காப்புரிமையும்

வழக்கமான மருந்துகளுக்கு மசியாத காசநோய், தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் எளிதில் பரவக்கூடியது என்பதைக் களப்பணி ஊழியர்கள் அறிவர். முன்னர் இதற்கு மாதக்கணக்கில் போடப்பட்ட கானமைசின் ஊசி, பலருடைய செவிப்புலனைப் பறித்துவிட்டது. பெடாகுயிலின் மாத்திரையோ கிருமி சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் வழியையே அடைத்துவிடுகிறது.

இம்மருந்தின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிவடையவிருந்தது. அதன் உப்பு வடிவத்துக்கு வேறொரு காப்புரிமையையும் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் கோரியிருந்தது. கிடைத்திருப்பின் ஏகபோகம் 2027 வரை நீடித்திருக்கும். காசநோயிலிருந்து மீண்டு, செவித்திறனை இழந்த மும்பை நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் 2019-ல் ஆட்சேபனை தெரிவித்தனர். 2023 மார்ச்சில் மும்பைக் காப்புரிமை அலுவலகம் அக்கோரிக்கையை நிராகரித்தது.

அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உயிர் வாழும் உரிமையில் ஆரோக்கியமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் கூறியதுண்டு. ஆயினும் இங்குப் பயன்பட்டது, குணம் பெருகாத வடிவ மாற்றம் புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) உட்பிரிவு. அரசுத் திட்டத்தில் நோயாளிக்கு இம்மருந்து இலவசம். ஆதலின் விலை குறையுமாயின் மிஞ்சுவது பொதுப் பணமே.